கப்பல் ஏறாத பதநீர்

(பத்துபஸ்தியிலிருந்து நமது பகுதிநேர நிருபர்)

அந்தமானுக்கு வந்த தமிழர்கள் எதைத்தான் கொண்டுவரவில்லை? ஆட்டுரல் வந்தது. இட்லிக் கொப்பரை வந்தது. காவடி வந்தது, வெற்றிமலை முருகனுக்குப் பங்குனி உத்திரமும் வந்தது. புளியும் அப்பளமும் ஊறுகாயும் கப்பலுக்குக் கப்பல் வந்து இறங்குகின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இத்தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கடைத்தெருவில் தமிழ் பேசியே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று மட்டும் இன்றுவரை கடல் தாண்டவில்லை. அதுதான் பதநீர்.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால், பத்துபஸ்தியில் குடியிருக்கும் நெல்லை, தூத்துக்குடி, குமரி, ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களின் பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். தண்டவாளமே இல்லாத தீவில் ரயில்வே குமாஸ்தா என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் ஊருக்குப் புறப்படுகிறவர்கள் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரசுக்கு இடம் இருக்கிறதா என்று நம்மிடம்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்கும்போது போகிற காரணத்தையும் சொல்லிவிடுகிறார்கள். கல்யாணம், கோயில் கொடை, நிலப் பத்திரம் ஆகியவற்றோடு, "பதனி சீசனுக்குள்ளே போயிரணும்" என்று சொல்பவர்களும் இரண்டொருவர் உண்டு.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து இங்கே கொத்தனார் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் சொன்னார்: "காலையிலே வெயில் ஏறுமுன்னே குடிச்சிரணும் அண்ணாச்சி. பனையோலைப் பட்டையிலே ஊத்தி, ரெண்டு நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடிச்சா மத்தியானம் வரைக்கும் பசிக்காது. இங்கே சர்பத்து கிடைக்கி, இளநி கிடைக்கி. பதனி எங்கே கிடைக்கி?"

ஏன் வரவில்லை?

பதநீருக்கும் கள்ளுக்கும் தாய் ஒன்றே. பனையின் பாளையைக் கடிப்பால் இதமாக நசுக்கி, அரிவாளால் நுனியைச் சீவி, அதில் கலயத்தைக் கட்டிவிட்டால் இனிப்பு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உடனே வேலையைத் தொடங்கி, இனிப்பைச் சாராயச் சத்தாக மாற்றிவிடும். சில மணி நேரத்தில் கள். மறுநாள் புளிப்பு. அதற்கப்பால் காடி.

சுண்ணாம்பு இட்ட பதநீரும் நெடுநேரம் தாங்காது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) கப்பல் வந்து சேரச் சுமார் 60 மணி நேரம் ஆகிறது. காலையில் இறக்கியது மாலைவரை தாங்குவதே பெரும்பாடு. பிறகு எப்படிக் கப்பல் ஏறும்?

மரத்தை இங்கே வளர்க்கலாமே என்று கேட்கலாம். பனை வறண்ட நிலத்து மரம். இங்கோ ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. விதை முளைத்தாலும் பாளை விடுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒப்பந்த வேலைக்கு வந்தவர் அவ்வளவு காலம் காத்திருப்பாரா?

வெள்ளைக்காரரின் ஆப்பிள் கள்

பிறந்த மண்ணின் பானத்துக்கு ஏங்குவது நம்மவருக்கு மட்டும் உரிய குணமல்ல. ஒரு காலத்தில் இத்தீவுகளை ஆண்ட இங்கிலாந்துக்காரர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதன் பெயர் சைடர். சுருங்கச் சொன்னால் ஆப்பிள் கள்.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள சாமர்செட், டெவன், ஹெரிபோர்டு வட்டாரங்களில் இதற்கென்றே துவர்ப்பும் இனிப்பும் கலந்த ஆப்பிள் வகைகளை வளர்க்கிறார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பழம் பொறுக்கி, அரைத்து, பழைய முறைப்படி வைக்கோலோடு அடுக்கடுக்காக வைத்துப் பிழிந்து, மரப்பீப்பாயில் ஊற்றிவிடுவார்கள். பனிக்காலம் முழுவதும் அது மெல்லப் புளித்து, வசந்தத்தில் குடிக்கத் தயாராகும். ஜனவரி மாதத்தில் ஆப்பிள் மரத்தின் வேரில் சைடரை ஊற்றி, நல்ல விளைச்சல் தா என்று பாட்டுப் பாடி வேண்டுகிற வழக்கம் சாமர்செட் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. நம் ஊரில் மரத்துக்குப் பொங்கலிடுவதுபோலத்தான்.

நம் கள்ளும் அவர்கள் சைடரும் வேகத்தில் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்தை ஒட்டி இருக்கும். பெரிய வித்தியாசம் ஒன்றுதான். குளிர் நாட்டில் மாதக்கணக்கில் புளிக்கும் சைடர் புட்டியில் அடைபட்டுத் தாங்கும். 1887-இல் ஹெரிபோர்டில் தொடங்கப்பட்ட பல்மர்ஸ் நிறுவனத்தின் புட்டிகள் பல நாடுகளுக்கும் போகின்றன. ஆகவே ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் குடியேறினாலும் கடைக்குப் போய் ஒரு புட்டி வாங்கி, ஊரை நினைத்துக்கொள்ளலாம். பண்ணைப் பீப்பாயிலிருந்து ஊற்றிக் குடிக்கும் ருசி புட்டியில் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளவும் அவருக்கு வசதி உண்டு. நமக்குக் குறைப்பட்டுக்கொள்ளவும் புட்டி இல்லை.

கூலியும் கள்ளும்

பானத்தைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துப் பண்ணைகளில் கூலியில் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்து கொடுத்து வந்தார்கள். வீட்டுக்குப் போகும் காசு குறைந்தது. விவசாயக் கூலியை மதுவாகக் கொடுக்கக்கூடாது என்று 1887-இல் அங்கே சட்டம் வந்தது.

மலேயா ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் பட்டதும் இதைப் போன்றதே. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, சம்பள நாளன்று அங்கே கூட்டம். 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. தாய்நாட்டில் 1921-லேயே கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் தமது தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-க்குப் பிறகு கடைகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் நின்றன. அன்று தொட்டுத் தடை நீடிக்கிறது.

தடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது கலப்படம். அது பொய்யான காரணம் அன்று. டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்கள் கடும் வயிற்றுவலியால் துடித்த காலம் ஒன்று இருந்தது. பிழியும் ஆலையிலிருந்த ஈயம் பானத்தில் கலப்பதே காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-இல் எடுத்துக்காட்டினார். நாளடைவில் அவர்கள் ஈயத்தை அகற்றினார்கள், சைடரை வைத்துக்கொண்டார்கள். கேரளத்திலும் புதுச்சேரியிலும் அரசு உரிமத்தோடு கள் விற்கிறது. தமிழ்நாட்டில் கள் இல்லை. ஆனால் அரசுக் கடையில் அதைவிடப் பல மடங்கு வேகமான சரக்கு புட்டி புட்டியாகக் கிடைக்கிறது. இது சரிதானா என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும். பதநீருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதில் போதையும் இல்லை.

தீவுத் தென்னை

இத்தீவுகளில் பனைக்குத்தான் பஞ்சம், தென்னைக்கு இல்லை. நிக்கோபார் மக்களுக்குத் தென்னையே வாழ்வு. தென்னங்கள் அவர்களுடைய விருந்துகளில் இடம்பெறும் பானம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் அவர்களுடைய தோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் அங்கே போக முடியாது என்பதால், அந்த ருசி நம்மவர்களில் அநேகருக்குத் தெரியாது.

தென்னம்பாளையிலிருந்து புளிக்காத நீரையும் இறக்கலாம். அதற்கு நீரா என்று பெயர். சுண்ணாம்புக்குப் பதிலாக, பாளையோடு கட்டிய பெட்டியில் ஐஸ் வைத்துக் குளிரிலேயே சேகரிக்கும் முறையைக் காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 2017-இல் தமிழ்நாடு அரசும் உரிமத்தின் பேரில் நீரா இறக்க அனுமதித்தது. பத்துபஸ்திக்கு அருகே கராச்சர்மாவில் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோப்பு இருக்கிறது, நிலையமும் இருக்கிறது. குடிக்க ஆளும் இருக்கிறோம். முறையான அனுமதியோடு இங்கேயும் யாராவது முயன்றால், ஊர் பதநீரின் தங்கையையாவது பார்க்கலாம்.

ஏறுகிறவர் எங்கே?

இவ்வளவும் விசாரித்த பிறகு ஓர் உண்மை புலப்பட்டது. பதநீர் கிடைக்காதது இங்கே மட்டுமல்ல. ஊரிலும் அருகிவருகிறது.

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் பனை விதைகள் கொடுப்பதாகவும், கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாதென்றும் அறிவித்தார்கள். மரத்துக்குக் காவல் வந்தது நல்லதே. ஆனால் ஏறுகிறவருக்கு என்ன வந்தது? அறுபது எழுபது அடி உயரத்தில், காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள் பெட்டியுமாகக் காலை மாலை இரு வேளையும் ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் பாளை சீவாமல் விட்டால் ஊற்று நின்றுபோகும். சீசன் ஆறு மாதம்தான். கால் தவறினால் குடும்பம் தெருவில்.

முன்சொன்ன கொத்தனார் பனையேறிக் குடும்பத்துப் பிள்ளை. "எங்க அப்பா நாப்பது மரம் ஏறுவாக. எனக்கும் ஏறத் தெரியும் அண்ணாச்சி. அஞ்சு வருஷம் ஏறினேன். அப்பாதான், போதும்டா, உன்னோட இது முடியட்டும்னு சொல்லிக் கப்பலுக்குப் பணம் கொடுத்தாக" என்றார். இங்கே அவர் சாரத்தில் ஏறுகிறார். கூலி அன்றன்று கைக்கு வருகிறது. அவர் வீட்டுப் பனைகள் இப்போது பாளை சீவப்படாமல் நிற்கின்றன.

ஆக, பதநீருக்கு ஏங்குகிறவரும் பதநீர் இறக்க வேண்டியவரும் ஒரே கப்பலில் வந்துவிட்டோம். அவர் வந்தது தவறென்று யாரும் சொல்ல முடியாது. மரமேற்றம் சோறு போட்டிருந்தால் அவர் கடல் தாண்டியிருக்கமாட்டார்.

கருப்பட்டி வரும்

பதநீர் வராவிட்டாலும் அதைக் காய்ச்சிய கருப்பட்டி கப்பல் ஏறும். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி எடுப்பார்கள். உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

வாங்கும்போது கடித்துப் பாருங்கள். நல்ல கருப்பட்டியில் இனிப்போடு லேசான கரிப்பும் இருக்கும். சீனி கலந்தது வெறும் இனிப்பாகவே இருக்கும், உடைத்தால் மினுமினுக்கும். இங்குள்ள ஈரக்காற்றில் கருப்பட்டி சீக்கிரம் கசியும். ஓலைப்பெட்டியை அப்படியே அலமாரியில் வைக்காமல், நன்றாக உலர்ந்த டப்பாவில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் மழைக்காலத்தைத் தாண்டும். சுக்குக் காப்பிக்கு அதைவிட நல்ல சரக்கு வேறு கிடையாது.

இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோட்டோரத்தில் பட்டையும் குடமுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கண்டால், விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு, கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பட்டை வாங்கிக் கொடுங்கள். அவருக்குப் பின் அந்த மரத்தில் ஏற ஆள் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?