பென்ஸீனும் வெள்ளணுக்களும்

இரசாயன வகுப்பிற் பயிலும் நம் மாணவருள் பென்ஸீனின் அறுகோண வடிவத்தைக் கரும்பலகையில் வரைந்து பழகாதார் இலர். 1825-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, விளக்கு வாயுவினின்று படிந்த எண்ணெயிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1865-ல் கெக்குலே என்னும் ஜெர்மானியப் பேராசிரியர், அதன் ஆறு கரியணுக்களும் வளையமாய் இணைந்து நிற்பன என்று கூறினார். பிற்காலத்தில் ரப்பர், சாயம், பசை முதலிய பல தொழில்களிலும் அது புகுந்தது. கரும்பலகையில் இத்துணை ஒழுங்குடன் தோன்றும் இப்பொருள் மானிட சரீரத்தினுட் புகுந்தால் யாது செய்யும்? இதனை ஆராய்ந்த வரலாற்றையும், அவ்வாராய்ச்சிக்கு இக்காலத்தில் துணைசெய்யும் புதிய முறையொன்றையும் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களே சரீரத்தின் காவற்படையாம். அவற்றுட் சில நோய்க்கிருமிகளை விழுங்குவன. சில எதிர்ப்பொருள்களை உண்டாக்குவன. சில ஏனையவற்றை ஏவி நடத்துவன. இவற்றின் பிறப்பிடம் எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையாகும். பென்ஸீன் சுவாசத்தின் வழியே எளிதில் உட்புகும். வேண்டாப் பொருளை வெளியேற்றும் பொருட்டு ஈரல் அதனை மாற்றத் தொடங்குகிறது. இம்மாற்றத்திற் பிறக்கும் சில பொருள்கள் மஜ்ஜையை அடைந்து, அங்கே இன்னும் கொடியனவாக மாறி, புதிதாய்ப் பிறக்கும் அணுக்களைத் தாக்குகின்றன. ஆகவே, காக்கப் புகுந்த ஈரலின் தொழிலே ஒருவாறு கேட்டிற்கும் வழியாகின்றது.

இத்தீங்கு நேற்று அறியப்பட்டதன்று. ஸ்வீடன் தேசத்தில் சைக்கிள் டயர் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் சிலர் மஜ்ஜை வறண்டு மாண்டதை 1897-லேயே ஸான்டெஸ்ஸன் என்பார் எழுதி வெளியிட்டார். பென்ஸீன் இரத்தப் புற்றுநோயையும் விளைவிக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. எனினும், எவ்வளவு சுவாசித்தால் தீங்கு என்ற வினாவில் வழக்கு நீண்டது. அமெரிக்க அரசாங்கம் தொழிற்சாலைக் காற்றில் பத்து லட்சத்திற்குப் 10 பங்கு என்றிருந்த எல்லையை 1978-ல் 1 பங்காகக் குறைத்தது. பழைய எல்லையில் கணிசமான அபாயம் உண்டென்பது நிறுவப்படவில்லை என்று கூறி, 1980-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிவிட்டது. 1987-லேதான் 1 பங்கு என்னும் எல்லை நிலைபெற்றது. சாட்சி போதாமையால் ஏறக்குறைய ஒன்பதாண்டு கழிந்தது. அவ்வாண்டுகளிலும் தொழிலாளர் சுவாசித்துக் கொண்டே இருந்தனர் அன்றோ?

இனி, அந்த 1 பங்கிற்குக் கீழே அபாயம் இல்லையா? சீனாவின் தியான்ஜின் நகர்ப்புறத்தில், பசையிலுள்ள பென்ஸீனைச் சுவாசித்துவந்த காலணித் தொழிலாளர் 250 பேரையும், அதனோடு தொடர்பில்லாத் தையல் தொழிலாளர் 140 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 1 பங்கிற்கும் குறைவாகச் சுவாசித்தோரிடத்தும் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன என்பது 2004-ல் வெளியாயிற்று. ஈரலின் தொழில் ஆளுக்கு ஆள் வேறுபடுவது போலவே, பிறவியில் அமைந்த சில வேறுபாடுகளும் ஒருவரை மற்றவரினும் எளிதில் பாதிப்புறச் செய்வனவாகக் காணப்பட்டன.

அணுக்களை எண்ணுதல் பழைய முறை. எண்ணிக்கை குறையுமுன்னரே அணுக்களினுள் நிகழ்வதை அறிதல் புதிய முறை. ஒவ்வோர் உயிரணுவிலும் புரதங்களைச் செய்தற்குரிய ஜீன்கள் சுமார் 20,000 உள்ளன. எல்லாம் எப்பொழுதும் தொழில்படுவதில்லை. தேவையானவை மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் பிரதிகளாக எழுதப்படுகின்றன. நம் கல்லூரி நூல்நிலையத்தின் பதிவேட்டைப் புரட்டுவோன், எந்நூல்கள் மிகுதியாக எடுக்கப்படுகின்றன என்பதைக் கொண்டே தேர்வு நெருங்குவதை உணர்வான். அதுபோல, எந்த ஜீனுக்குப் பிரதிகள் மிகுந்தன, எதற்குக் குறைந்தன என்று காண்பதால் அணுவின் நிலை புலப்படும். ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரு சிறு தகட்டில் ஒரே வேளையில் அளக்கும் வழி 1995 முதல் வளர்ந்துவந்தது.

இம்முறையால் தியான்ஜின் தொழிலாளர் 83 பேரின் இரத்தத்தையும், பென்ஸீன் அளவிடக்கூடாத இடங்களில் வேலை செய்த 42 பேரின் இரத்தத்தையும் சோதித்து, 2011-ல் முடிவு வெளியிட்டனர். மிகக் குறைந்த அளவைச் சுவாசித்தோரிடத்தும் நோயெதிர்ப்பைச் சார்ந்த ஜீன்களின் ஒழுங்கு மாறியிருந்தது. எல்லா அளவுகளிலும் மாறுதலுற்ற ஜீன்கள் 16 ஒரு முத்திரை போலக் காணப்பட்டன.

இங்கே மாணவர் கவனிக்கவேண்டிய எச்சரிக்கை இரண்டு. நூற்றில் 5 முறை தற்செயலாய்த் தவறக்கூடிய சோதனையை 20,000 ஜீன்களுக்கும் செய்தால், பென்ஸீன் சிறிதும் இல்லாவிடினும் ஆயிரம் ஜீன்கள் மாறியனபோலத் தோன்றும். ஆதலின் கணிதத்தால் திருத்தாமலும், வேறு மனிதரிடத்து மீண்டும் சோதியாமலும் எதையும் நம்பலாகாது. இரண்டாவது, இரத்தம் பலவகை அணுக்களின் கலப்பு. ஒரு வகை குறைந்தால், ஏனையவற்றில் மாறுதல் இல்லாதபோதும் மொத்தக் கணக்கு மாறிவிடும். 2009 முதல் தனித்தனி உயிரணுவின் பிரதிகளையே படிக்கும் வழி பிறந்திருப்பதால், இக்குழப்பம் நீங்க இடமுண்டு. அன்றியும், ஜீன் ஒழுங்கு மாறியவர் யாவரும் நோயுறுவர் என்று சொல்லுதலும் பொருந்தாது. அது முன்னறிவிப்பேயன்றித் தீர்ப்பன்று.

எனினும் முன்னறிவிப்பின் பயன் சிறிதன்று. பழங்காலத்தில் மரணமே சாட்சியாயிருந்தது. பின்னர் நோய் சாட்சியாயிற்று. இப்பொழுது நோயின்றி நடமாடுவோரின் ஒரு துளி இரத்தமே சாட்சி கூற வல்லதாகின்றது. பென்ஸீனுக்குத் தீங்கற்ற அளவு எதனையும் பரிந்துரைக்க இயலாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து. ஆய்வுச்சாலைகள் பலவற்றில் அதற்குப் பதிலாக டொலுவீனை வழங்குவதும் இதுபற்றியே. இன்று நம் வகுப்பில் அறுகோணம் வரைவோருட் சிலர் நாளை தொழிற்சாலைகளை நடத்துவர். சிலர் இப்பொழுதே நடத்திவருகின்றனர். பசைவாளியின் அருகே அமர்ந்து உழைப்போர் இக்கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. படிக்கும் நாம், அவ்வறையின் சாளரம் திறந்திருக்கின்றதா, பசையில் கலந்தது யாது என்று வினவக் கடமைப்பட்டுள்ளோம்.