சிப்புக்கு ஒரு சாட்சி

புணேக்கு வடக்கே உள்ள சாகண், பஜாஜ், மஹிந்திரா, வோக்ஸ்வாகன் ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். அங்கே உருவாகும் பைக்குகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு அது. அதற்குச் சக்கரத்தின் வழுக்கல் தெரிய வேண்டும். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக் பிடித்த சக்கரம் 40-க்கு உரிய வேகத்தில்தான் சுழல்கிறது என்றால், வழுக்கல் 20 சதவீதம். அது 100-ஐத் தொட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று பொருள்.

இந்தக் கணக்கைச் சிப்புக்குள் ஒரு சுற்றாகவே வடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பைக் மக்கர் செய்தால் மெக்கானிக் பிரித்துப் பார்ப்பார். சிப்பை அப்படிப் பிரித்துத் திருத்த முடியாது. அதனால் சிஸ்டம்வெரிலாக் மொழியில் எழுதிய சுற்றை முதலில் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள், அதுதான் சிமுலேஷன்.

சுற்று தரும் விடை சரியா என்று யார் சொல்வது? சுற்றை எழுதியவரே விடையையும் எழுதினால் ஒரே தப்பு இரண்டு இடத்திலும் உட்கார்ந்துகொள்ளும். அதே சூத்திரம் சி மொழியில் ஏற்கெனவே இருக்கும். அதையே சாட்சிக்குக் கூப்பிடலாம். பழைய வெரிலாக்கில் இதற்குப் பிஎல்ஐ என்ற வழி இருந்தது. சி ஃபங்ஷனைப் பட்டியலில் பதிவு செய்து, ஒவ்வொரு உள்ளீட்டையும் தனி ஃபங்ஷன் வைத்துப் பிடுங்க வேண்டும். சலிப்பான வேலை. 2005-இல் ஐட்ரிபிள்இ 1800 தரமாக வந்த சிஸ்டம்வெரிலாக்கில் டிபிஐ என்ற வசதி சேர்ந்திருந்தது. ‘இம்போர்ட்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், சி ஃபங்ஷன் உள்ளூர் ஃபங்ஷன் போலவே வேலை செய்யும். ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலி எழுதப்பட்ட புளூஸ்பெக் மொழியிலும் பிடிபிஐ என்ற பெயரில் இதே வாசல் உண்டு.

வாசல் எளிது, ஆனால் வாசற்படி தடுக்கும். சிமுலேஷனில் ஒரு கம்பி 0, 1 மட்டுமல்ல, ‘எக்ஸ்’ ஆகவும் இருக்கும். மதிப்பு இன்னும் தெரியவில்லை என்று பொருள். சி-யின் முழு எண் வகையான இன்ட்டுக்கு எக்ஸ் தெரியாது. எல்லையைக் கடக்கையில் அது சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். ரீசெட் ஆகாததால் எக்ஸாக நிற்கும் சக்கர வேகம் 0 என்று போய்ச் சேர, சி-யும் 100 சதவீத வழுக்கல் என்று அடித்துச் சொல்லும். சாட்சி பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு. ஆகவே அனுப்புவதற்கு முன்பே எக்ஸ் இருக்கிறதா என்று சோதித்துவிட வேண்டும்.

வீட்டில் முயல இலவசமாகக் கிடைக்கும் வெரிலேட்டர் போதும், டிபிஐ அதில் நன்றாகவே ஓடும். ஆனால் அது அடிப்படையில் 0, 1 மட்டுமே அறிந்த கருவி. எக்ஸ் சிக்கலை அதில் தேடாதீர்கள், கிடைக்காது.