தெரிந்தவன் போகலாம், தெரியாதவன் நில்!

ஒரு வேடிக்கை பார்ப்போமா? ஒரு எழுத்துகூட இல்லாத வெற்றுக் கோப்பை உருவாக்கி, அதன் எம்டி5 ஹேஷ், அதாவது உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும் கைரேகை, என்னவென்று கணினியைக் கேளுங்கள். டி41டி8சிடி9 என்று தொடங்கி 32 இலக்கங்களில் பதில் வரும். செஞ்சியில் கேட்டாலும் சிகாகோவில் கேட்டாலும் அதே பதில்தான்! உள்ளே ஒரே ஒரு புள்ளி வையுங்கள், மொத்தமும் தலைகீழாகிவிடும்.

தடய அறிவியல்காரர்களின் பிழைப்பே இந்த மாயக் கணக்கில்தான் ஓடுகிறது. செஞ்சிப் பக்கம் ஒரு வழக்கில் மடிக்கணினி சிக்குகிறது என்று வையுங்கள். 2011இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் வந்த இலவச மடிக்கணினியாகவே இருக்கட்டும். உள்ளே லட்சக்கணக்கில் கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்தால் ஆய்வாளர் ஓய்வுபெறும் வயது வந்துவிடும். ஆனால் பெரும்பாலானவை விண்டோஸின் சொந்தச் சரக்கு: எழுத்துரு, ஐகான், டிங் டிங் ஒலி. அதே பதிப்பு தென்காசி மாணவியின் கணினியில் இருந்தால், அங்கும் அதே ஹேஷ்தான். அவற்றையெல்லாம் ஒரே வீச்சில் ஒதுக்கிவிடலாம்.

எதோடு ஒப்பிட்டு? இங்கேதான் எனக்குக் குஷி. அமெரிக்காவின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் மென்பொருளுக்கென்றே ஒரு நூலகம் வைத்திருக்கிறது. அலமாரிகளில் புத்தகத்துக்குப் பதில் மென்பொருள் பெட்டிகள், வீடியோ கேம்கள் உட்பட! யாருக்கும் இரவல் கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஹேஷ் போட்டு, பட்டியலை மட்டும் இலவசமாக வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியல் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டைக் காவலன் மாதிரி: தெரிந்த முகம் போகலாம், புதுமுகம் நிற்க வேண்டும். ‘கல்யாண ஆல்பம்’ என்று பெயரை மாற்றி மாறுவேடம் போட்டாலும் பலிக்காது. ஹேஷ் பெயரைப் பார்ப்பதே இல்லை.

தெரிந்தவனெல்லாம் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஹேக்கர் கருவிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஹேஷிலும் போலி வந்துவிட்டது. 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் எம்டி5 போன்ற இன்னொரு முறையான ஷா-1இல் ஒரே ஹேஷ் கொண்ட இரு வேறு பிடிஎஃப்களைச் செய்து காட்டினார்கள். இப்போது நம்பகமானது 64 இலக்க ஷா-256.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில், மின்னணுச் சான்றுக்கான 63ஆம் பிரிவுச் சான்றிதழிலும் ஹேஷுக்கு இடம் உண்டு. ஆகவே செஞ்சி காந்தி பஜார் கடைக்கார அண்ணாச்சிகளே, உங்கள் கேமராவில் திருடன் பதிவானால் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை போலீசிடம் நீட்டாதீர்கள். அது சுருங்கி, ஹேஷ் மாறிய சரக்கு. பதிவுக் கருவியில் இருக்கும் அசலையே கொடுங்கள்.