அயல்நாட்டில் மூட்டைப்பூச்சி

நம் கல்லூரியை விட்டுக் கடல் கடந்து செல்லும் மாணவர்க்கு அந்நாட்டுக் குளிரைப் பற்றியும் உணவைப் பற்றியும் புத்தி சொல்வோர் பலர்; மூட்டைப்பூச்சியைப் பற்றிச் சொல்வோர் அரியர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாடகை அறைகளில் வாழ்வோரை வருத்தும் உயிர்களுள் எலியும் கரப்பானும் கண்முன் திரிவன. ஆதலின் அவற்றைப் பற்றி யாவரும் வாய்விட்டுப் பேசுவர். மூட்டையோ ஒளிந்து வாழ்வது. அதனால் கடியுண்டாரும் வெட்கத்தினால் அதனை ஒளித்தே வைக்கின்றனர். இவ்வொளிப்பினால் விளையும் கேடு சிறிதன்று.

மூட்டை அழுக்கினால் வருவதென்பது பிழையான எண்ணம். அது பயணப் பெட்டியிலும் பழைய தளபாடத்திலும் ஏறி வருவது. செல்வர் மாளிகைக்கும் அவ்வாறே செல்லும். சிறகற்ற அதன் உடல் 5 மில்லிமீற்றர் அளவே நீளமுடையது. தட்டையாயிருத்தலின் தபாலட்டை நுழையும் இடுக்கே அதற்கு வீடாகப் போதும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்து முதிரும். ஒவ்வொரு முறைக்கும் முன்னர் இரத்தம் குடித்தாக வேண்டும். முதிர்ந்தபின் உணவின்றியே பல மாதம் உயிர்தாங்கும். ஆகவே, விடுமுறைக்கு அறையைப் பூட்டிச் சென்றால் அது பட்டினியால் மடியுமென்பது வீண் நம்பிக்கை. மனிதர்க்கு அது நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. எனினும் தினவும் உறக்கக்கேடும் படிக்கும் மாணவனுக்குச் சிறு துன்பங்களல்ல.

நம் ஊரிற் கட்டிலை முற்றத்து வெயிலிற் போட்டுக் கொதிநீர் ஊற்றுவோம். இடுக்குகளில் மண்ணெண்ணெய் பூசுவோம். மேல்மாடி அறையில் முற்றமேது? மண்ணெண்ணெயோ ஆங்குத் தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

சுவிற்சர்லாந்து நாட்டுப் போல் முல்லர் 1939 இல் டி.டி.ரி. யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து, 1948 இல் நோபெல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப்போரின் பின் இம்மருந்தினால் மேல்நாட்டு வீடுகளில் மூட்டை அரிதாயிற்று. அதனைக் கண்ணாற் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. ஆயினும் 1947 இலேயே ஹவாய்த் தீவின் பேள் துறைமுகத்தில் அம்மருந்துக்கு மசியாத மூட்டைகள் தோன்றிவிட்டன. பின்வந்த பைரெத்திரோயிட்டு மருந்துகளையும் அவை தாங்கப் பழகின. பயணமும் பெருகவே, 1990 களின் இறுதியிலிருந்து பெருநகரங்களில் மீண்டும் பரவலாயின. கடைகளில் விற்கும் புகைமருந்துத் தகரங்கள் பெரும்பாலும் பணத்தையே போக்குவன. அப்புகை இடுக்கினுட் செல்வதில்லை.

பணம் போவது பெரிதன்று. உயிர் போன கதைகளும் உள. தானியக் களஞ்சியங்களில் வண்டு கொல்லப் பயன்படும் அலுமினியம் பொசுபைட்டு வில்லைகளைக் கீழைநாடுகளிலிருந்து பெட்டியில் மறைத்துக் கொண்டு செல்வோர் உளர். காற்றின் ஈரம் பட்டதும் அவை பொசுபீன் என்னும் நச்சுவாயுவை வெளியிடும். அதற்கு மாற்று மருந்தில்லை. 2015 பெப்ருவரியில் கனடாவின் ஃபோர்ட் மக்மரி நகரில், பாகிஸ்தானிலிருந்து கொண்டுவந்த அத்தகைய மருந்தை மூட்டைக்கென வைத்த ஒரு வீட்டில் இரு குழந்தைகள் மாண்டன. 2021 டிசெம்பரிற் கிழக்கு இலண்டனில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். நஞ்சு வைக்கப்பட்டதோ அவள் வீட்டிலன்று, அயல்வீட்டில். ஊருக்குக் கடிதமெழுதி இவ்வில்லைகளைக் கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோர் ஒருபோதும் அனுப்பலாகாது.

மூட்டைக்கு உண்மையான பகை வெப்பமும் கடுங்குளிருமே. துணிகளை 60 பாகை செல்சியசு நீரில் வெளுத்துச் சூட்டுப்பொறியில் உலர்த்தினால் முட்டையும் மடியும். வெளுக்கலாகாதவற்றைப் பையிலிட்டுக் கட்டி, பூச்சியத்தின் கீழ் 18 பாகையுள்ள உறைபெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். மெத்தையின் தையலோரங்களை மின்சூள் கொண்டு நோக்குக. கருமையான சிறு புள்ளிகளே அதன் எச்சம். கட்டிலைச் சுவரினின்றும் விலக்கி, கால்களை வழுவழுப்பான பிளாத்திக்குக் கிண்ணங்களில் நிறுத்துக. எறும்புக்கு அஞ்சி நம் தாய்மார் அலுமாரிக் கால்களை நீர்க்கிண்ணத்தில் வைப்பது போன்றதே இதுவும். நீர் மட்டும் வேண்டா. குளிர்நாட்டு மூட்டை வழுக்கும் பரப்பில் ஏறமாட்டாது. வெப்பநாட்டில் வாழும் வேற்றினமோ ஏறவல்லது. இவ்வகையில் நம் ஊர் மூட்டையே கெட்டிக்காரன்!

கடிக்கு அஞ்சி அடுத்த அறையிற் சென்று படுப்பது அடாது. மூட்டையும் ஆங்கு வந்து சேரும். வீதியோரத்தில் எறிந்த மெத்தையும் சாய்நாற்காலியும் இலவசமென்று தூக்கிவருவது அதனினும் அடாது. கண்ட அன்றே வீட்டுக்காரருக்கும் அறைத்தோழருக்கும் அறிவிக்க வேண்டும். ரொறன்ரோவில் வாடகை வீட்டைப் பூச்சியின்றி வைத்திருத்தல் வீட்டுக்காரரின் கடனாகும், கேட்பதற்குக் கூசவேண்டியதில்லை. உரிமம் பெற்ற மருந்தடிப்போர் ஒருமுறை வந்து சென்றதும் காரியம் முடிந்ததென்று மெத்தையுறையைக் கழற்றிவிடாதீர்கள். மருந்துக்குத் தப்பிய முட்டைகள் ஓரிரு வாரத்திற் பொரிக்கும். அவர்கள் மீண்டும் வந்தே ஆகவேண்டும்.