தண்ணீர் போதும், உள்ளே எதுவும் வேண்டாம்

பெண்ணின் பிறப்புறுப்புக்கு உள்ளே சோப்பு போகக் கூடாது. வாசனைத் திரவம் போகக் கூடாது. டெட்டால் கலந்த தண்ணீர் போகக் கூடாது. கழிவறையில் தொங்கும் ரப்பர் குழாயின் பீய்ச்சலும் போகக் கூடாது. நம் வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லித் தருவதில்லை. பிள்ளை வயதுக்கு வந்தால் உளுந்தங்களி கிண்டுகிறோம், முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம், மண்டபம் எடுத்துச் சடங்கு செய்கிறோம். அந்த உறுப்பை எப்படிக் கழுவுவது, எப்போது டாக்டரைப் பார்ப்பது என்பதை மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறோம். கேட்க ஆளில்லாத பெண்பிள்ளை கடை அலமாரியைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள்.

அந்த அலமாரி இன்று மலேசியாவில் மிகப் பெரியது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு பார்மசிக்குள் நுழைந்தால் பெண்களுக்கான திரவ சோப்புகள் ஒரு வரிசை முழுக்க நிற்கும். வெற்றிலைச் சாறு கலந்தது, மஞ்சக்கனி கலந்தது, ரோஜா வாசனை, குளிர்ச்சி தருவது, 'வெள்ளையாக்குவது' என்று எத்தனையோ வகை. இரவுச் சந்தையிலும் கைப்பேசி விற்பனையிலும் இன்னும் பல. எல்லாவற்றின் அடியிலும் இருக்கும் செய்தி ஒன்றுதான்: உன் உடம்பு அழுக்கு, உன் உடம்பு நாறுகிறது. சாலாக் செலாத்தானில் எல்ஆர்டி ஏறி நகருக்குப் போய்ப் பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வியர்வையோடு திரும்பும் பெண் அதை நம்பிவிடுவதில் வியப்பில்லை. ஆனால் அது பொய்.

பிறப்புறுப்பின் உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-ஆம் ஆண்டிலேயே அங்கு வாழும் நல்ல பாக்டீரியாக்களை விவரித்து எழுதினார். லாக்டோபாசிலஸ் என்பது அவற்றின் குடும்பப் பெயர். பாலைப் புளிக்க வைத்துத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு இவை உறவு. ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் உட்சுவரில் சேரும் மாச்சத்து இவற்றுக்கு உணவாகி லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அதனால் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு உள்ளே பிஎச் எனும் அமில அளவு 3.8 முதல் 4.5 வரை நிற்கிறது. நோய்க் கிருமிகள் பல அந்தப் புளிப்பில் தழைக்க முடியாது. குளியல் சோப்புக் கட்டியின் அளவோ 9, 10 என்று காரப் பக்கம் போகும். அதை உள்ளே விட்டுக் கழுவினால் காவல் நிற்பவைதான் முதலில் சாகும். பிறகு வேறு பாக்டீரியாக்கள் பெருகும், மீன் வாடை வரும். வாடை போக இன்னும் அதிகமாகக் கழுவுவார்கள், வாடை இன்னும் கூடும். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கத்தோடு பாக்டீரியா நோய்த்தொற்றும், கருப்பை, கருக்குழாய் அழற்சியும் சேர்ந்தே காணப்படுவதை மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தயிர் உறவு என்றேன் என்பதற்காகத் தயிரை எடுத்து அங்கே தடவ வேண்டாம், அதுவும் தேவையில்லை.

மஞ்சக்கனி என்று மலாய்க் கடைகளில் விற்பது நமக்குப் புதிதல்ல. குழந்தைக்கு உரை மருந்து உரசும்போது வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு எடுக்கும் மாசிக்காய்தான் அது. ஒருவகைக் குளவி கருவாலி மரத்தில் முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சு. துவர்ப்புச் சத்து மிக அதிகம். பிள்ளை பெற்ற பிறகு 'இறுகுவதற்காக' இதை உள்ளே வைக்கும் பழக்கம் இங்கே மலாய்ப் பெண்களிடமும் நம்மவர்களிடமும் இருக்கிறது. துவர்ப்பு சதையை இறுக்குவதில்லை. ஈரத்தை உறிஞ்சி உலர்த்துகிறது. உலர்ந்த தோலில் உடலுறவின்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கிருமி நுழைய அதுவே வழியாகும். பிரசவத்துக்குப் பின் தளர்ந்த தசைக்கு இடுப்புத்தளப் பயிற்சி இருக்கிறது, அரசாங்க மருத்துவமனைகளில் உடலியக்கப் பயிற்சியாளர்கள் அதைச் சொல்லித் தருகிறார்கள். பத்தியக் காலத்தில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய வெந்நீரை வெளிப்பக்கம் ஊற்றிக் கழுவ நம் பாட்டிமார் சொன்னதில் பெரிய கேடில்லை. உள்ளே எதையும் வைக்காத வரைக்கும்.

சரி, எப்படித்தான் கழுவுவது? வெளிப்புறத்தை மட்டும், நாளுக்கு ஓரிரு முறை, வெறும் தண்ணீரால், கை விரலால் மென்மையாக மடிப்புகளுக்கு இடையே கழுவினால் போதும். சோப்பு வேண்டும் என்று மனம் கேட்டால் வாசனையில்லாத மென்மையான சோப்பைச் சிறிதளவு வெளித்தோலுக்கு மட்டும் போட்டு நன்றாக அலசிவிடலாம். நம் நாட்டுக் கழிவறைக் குழாய் ஒரு வரம். அதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, முன்னிருந்து பின்னோக்கித் தண்ணீர் போகும்படி கழுவுங்கள். பின்னிருந்து முன்னோக்கி வந்தால் மலத்துவாரத்துக் கிருமி சிறுநீர்த் துவாரத்துக்கு வரும். பெண்ணுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் நாலு சென்டிமீட்டர்தான், கிருமி சிறுநீர்ப் பையை எட்ட அதிக நேரம் ஆகாது. பொதுக் கழிவறையில் குழாயின் வாய் உடம்பில் படக் கூடாது. கழுவியபின் ஈரத்தைத் துடைக்க மறக்காதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈர உள்ளாடையும் அதன்மேல் இறுக்கமான லெகிங்ஸும் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பல கழிவறைகளில் தாள் இருக்காது, ஆகவே கைப்பையில் டிஷ்யூ இருக்கட்டும்.

உள்ளாடை பருத்தியில் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம் அது காய்வது. அடுக்குமாடி வீடுகளில் பார்வைக்குத் தெரியாமல் இருக்க உள்ளாடையைக் கைலிக்கு அடியில், துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறோம். அரைகுறையாகக் காய்ந்ததையே மறுநாள் போட்டுக்கொள்கிறோம். தாராளமாக வெயிலில் போடுங்கள். துணி காய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னை மிகவும் வருத்துவது வேலையிடம். தொழிற்சாலை வரிசையில் நிற்பவர்கள், பேரங்காடியில் கல்லாவில் இருப்பவர்கள், மற்றவர் கழிவறையைக் கழுவும் துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரில் பலர் கழிவறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூசிக் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிறுநீரை அடக்குகிறார்கள். மாதவிலக்கு நாளில் ஒரே பேடை எட்டு, பத்து மணி நேரம் வைத்திருக்கிறார்கள். நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டும். டாம்பான் எட்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 1980-இல் அமெரிக்காவில் உயிர்களைப் பலிகொண்ட நச்சு அதிர்ச்சி நோயால் ஒரு டாம்பான் வகை சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. நேரத்துக்கு மாற்றுவது பெண்ணின் பழக்கத்தை மட்டும் பொறுத்த விஷயமில்லை. இடைவேளை தராத முதலாளியும் இதற்குப் பொறுப்பு. 2022 பட்ஜெட்டில் வசதி குறைந்த குடும்பங்களின் 1,30,000 வளரிளம் பெண்களுக்கு மாதந்தோறும் சுகாதாரப் பொருள்கள் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. பேட் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை அது ஒப்புக்கொண்டது.

குளித்தவுடன் கீழேயும் பவுடர் கொட்டிக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடலாம். பல பவுடர்களில் உள்ள டால்க் மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024 ஜூலையில் வகைப்படுத்தியது. சூலகப் புற்றுநோயோடு அதன் தொடர்பு இன்னும் விவாதத்தில் இருந்தாலும், தேவையே இல்லாத ஒன்றுக்காக அந்த ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்?

அந்த இடத்தை 'வெளுப்பாக்கும்' கிரீம்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொடையிடுக்கும் பிறப்புறுப்புத் தோலும் உடம்பின் மற்ற இடங்களைவிடக் கறுத்திருப்பது இயல்பு. எல்லா இனத்துப் பெண்களுக்கும் அப்படித்தான். பாதரசம், ஹைட்ரோகுவினோன் கலந்த கிரீம்களுக்கு எதிராகப் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கும் எந்தப் பொருளிலும், நாட்டு மருந்து உட்பட, எம்ஏஎல் என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இனி, நம் சமூகம் கட்டாயம் கேட்க வேண்டிய செய்தி. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. இரத்தத்தில் சீனி ஏறும்போது பிறப்புறுப்பில் பூஞ்சை எளிதாக வளரும். அரிப்பு, தயிர்த் திப்பி போன்ற வெள்ளை, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். மாதந்தோறும் திரும்பத் திரும்ப வரும். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் அதற்குப் புட்டி புட்டியாகத் திரவ சோப்பு வாங்கித் தேய்க்கிறார், புண்ணாகிறது. அவருக்குத் தேவை விரலில் ஒரு துளி இரத்தச் சோதனை. ஏற்கெனவே இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள் சீனியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் இந்தப் பூஞ்சை அரிப்பைக் கொண்டுவரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வழி செய்வார்.

வெள்ளைப்படுவதெல்லாம் நோயல்ல. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கருபோல் இழுவையாக வருவது கருமுட்டை வெளிவரும் நாளின் அடையாளம். எலும்பு உருகுகிறது, உடம்புச் சூடு என்று பயந்து பார்லியும் இளநீரும் குடிப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் தொற்று வந்திருந்தால் அது தீராது. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் போவது, மஞ்சள் பச்சையாக நுரைத்து வருவது, அடிவயிற்று வலி, காய்ச்சல், உடலுறவுக்குப் பின் இரத்தக் கசிவு, மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பிணிகள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். பாக்டீரியா தொற்று குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புடையது. மாதவிலக்கு நின்ற அம்மாமார்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் மருத்துவம் உண்டு. வயசானால் இப்படித்தான் என்று சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. பெண் டாக்டர் வேண்டும் என்று முகப்பிலேயே கேட்கலாம். எத்தனை நாளாக, என்ன நிறம், வாடை உண்டா, அரிப்பு உண்டா என்று சொன்னால் போதும். அவர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள். அப்படியே கருப்பை வாய்ப் பரிசோதனையையும் கேளுங்கள். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி கிருமி கழுவினால் போகாது. அதனால்தான் 2010 முதல் பள்ளியில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்னின்று தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில் பெண்ணே மறைவாகப் போய்ப் பஞ்சுக் குச்சியால் தன் மாதிரியை எடுத்துத் தரலாம், முடிவு கைப்பேசிக்கு வரும். காலை விரித்துப் படுக்கக் கூசி வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களுக்கு இது நல்ல வழி. பரிசோதனைக்குப் போகும் முன் இரண்டு நாளுக்கு உள்ளே மருந்தோ கிரீமோ எதுவும் வைக்காதீர்கள். வெளியே தண்ணீரில் கழுவிவிட்டுப் போங்கள்.