அடுப்பில் வீணாகும் வெப்பமும் மின்சாரமாகும்

வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்புச் சக்கை எரிந்து தரும் வெப்பம் முழுவதும் கொப்பரைக்குச் சேர்வதில்லை. கணிசமான பகுதி புகைபோக்கி வழியே வீணாகிறது. அதில் சிறிதளவை மின்சாரமாக்க வெப்பமின் தகடுகள் உதவுகின்றன.

செயல்படும் விதம்

இருவேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த ஊசி திரும்புவதை 1821-ல் ஜெர்மன் விஞ்ஞானி சீபெக் கண்டார். மின்சாரம் பாய்வதே அதற்குக் காரணம். 1950-களில் சோவியத் நாட்டில் மின்வசதி இல்லாத கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் வெப்பத்தைக் கொண்டே வானொலிப் பெட்டியை இயக்கினர். இத்தகட்டில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. எனவே எண்ணெய் விட வேண்டியதில்லை, தேய்மானமும் இல்லை.

பீங்கான் எதற்கு?

கடைகளில் கிடைக்கும் தகடுகள் பெரும்பாலும் பிஸ்மத், டெல்லூரியம் சேர்ந்தவை. சுமார் 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இவை கெட்டுவிடும். ஆக்சைடு பீங்கான் வகைகளோ, அதைவிட அதிக வெப்பத்தைக் காற்றுப்படும் இடத்திலும் தாங்குபவை. 1997-ல் ஜப்பானில் டெராசாகி குழுவினர் சோடியம் கோபால்ட் ஆக்சைடின் சிறந்த வெப்பமின் திறனைக் கண்டறிந்தபின் இத்துறை வேகம் பெற்றது. சுண்ணாம்பில் உள்ள கால்சியத்துடன் கோபால்ட் சேர்ந்த ஆக்சைடும் இவ்வகையில் முக்கியமானது. எனினும் பீங்கான் தகடுகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

எவ்வளவு கிடைக்கும்?

நல்ல தகட்டின் வழியே 100 வாட் வெப்பம் பாய்ந்தாலும் கிடைப்பது சுமார் 5 வாட் மின்சாரமே. இது ஒரு எல்.இ.டி. விளக்குக்கோ, கைப்பேசிக்கோ, அடுப்புக்குக் காற்று ஊதும் சிறு விசிறிக்கோ போதும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 3,700 வாட் தேவை. ஆகவே அடுப்புத் தகட்டால் பம்புசெட் ஓடும் என்று யாரேனும் சொன்னால் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

தகட்டின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு சூடேறினால் மின்சாரம் வராது. குளிர்ப் பக்கத்தில் தண்ணீர் ஓடச் செய்வது நல்லது. சூடாகும் அத்தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பயன்படுத்தலாம். கடைத் தகடுகளை நேரடித் தீயில் வைக்கக் கூடாது.

வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்துவதுதான் முதல் லாபம். சக்கையை நன்கு உலர்த்தி எரிப்பது, அடுப்புச் சுவரின் வெடிப்புகளை அடைப்பது, வெளியேறும் புகையின் சூட்டில் அடுத்த கொப்பரைச் சாற்றை முன்கூட்டியே சூடாக்குவது ஆகியவை எரிபொருளை மிச்சப்படுத்தும். இவற்றைச் செய்த பிறகும் வீணாகும் வெப்பத்திற்கே தகடு ஏற்றது.