ரூஜ் ஆற்றுக்குக் கிழக்கே ஒரு வீடு

ஸ்காபுறோவில் வாடகையும் விலையும் கேட்டுக் களைத்தவர்களுக்கு உறவினர் கைகாட்டும் ஊர் அஜக்ஸ். ரூஜ் ஆற்றைக் கடந்து, பிக்கரிங்கையும் தாண்டினால் 401 நெடுஞ்சாலையின் இரு பக்கமும் விரிந்து கிடக்கிறது. 1941இல் எறிகணைகளுக்கு வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த ஊர். பெயரும் ஒரு போர்க்கப்பலின் பெயர். எறிகணைக்குத் தப்பி வந்த நாங்கள் எறிகணை செய்த ஊரில் வீடு தேடுகிறோம் என்பது ஒரு வேடிக்கை. வீட்டுக்காரர் அதற்காக வாடகையைக் குறைக்கமாட்டார்.

புதிதாக வந்த குடும்பம் பேஸ்மன்டில் வாடகைக்கு ஏறும், பிறகு வீடு வாங்கும், அதன் பிறகு தன் பேஸ்மன்டை இன்னொருவருக்கு விடும். இந்த வழியில் காசு எங்கெங்கே கழன்று போகிறது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

வீடு பார்க்கப் போவதற்கு முன்பே போக்குவரத்துச் செலவைக் கணக்குப் பாருங்கள். வேலை ரொறன்ரோ நகர மையத்தில் என்றால் அஜக்ஸ் கோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருப்பது நல்லது. ஸ்காபுறோவில் என்றால் 2ஆம் நெடுஞ்சாலையில் ஓடும் டுறம் பஸ் உதவும். 2024 பெப்ரவரியிலிருந்து டுறம் பஸ், கோ ரயில், ரொறன்ரோ பஸ் என்று மாறி ஏறினாலும் இரட்டைக் கட்டணம் இல்லை. ஊரின் வடக்குப் பகுதியில் வீடு எடுத்தால் கார் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். காரின் தவணையும் காப்புறுதியும் சேர்ந்தால் ஸ்காபுறோவைவிட மலிவாகக் கிடைத்த வாடகை மலிவாக இராது.

அடுத்தது வீட்டைப் பார்ப்பது. அஜக்ஸில் அடுக்குமாடி வாடகை வீடுகள் குறைவு. கிடைப்பது பெரும்பாலும் பேஸ்மன்ட்தான். நகராட்சியில் பதிந்த பேஸ்மன்டா என்று தயங்காமல் கேளுங்கள். வாசல் தனியா, தீப்பிடித்தால் ஜன்னல் வழியே வெளியேற முடியுமா, புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட் கருவியும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அப்படிப்பட்ட வாடகைக்கு 2006ஆம் ஆண்டின் ஒன்ராறியோ வாடகைச் சட்டம் பொருந்தாது. கீழே நான் சொல்லும் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

வீடு பிடித்துவிட்டால் வீட்டுக்காரர் கடன் வரலாறு கேட்பார். வந்து மூன்று மாதமான ஒருவருக்கு ஏது கடன் வரலாறு? வரலாறு இல்லாததைக் கெட்ட வரலாறாக எடுக்கக்கூடாது என்பதே ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. வேலைக் கடிதம், சம்பளத் துண்டுகள், வங்கிக் கணக்குப் பிரதி ஆகியவற்றோடு போங்கள். அப்போதுதான் அந்தப் பழக்கமான கோரிக்கை வரும்: “ஆறு மாத வாடகையை முன்னுக்குத் தாருங்கோ.” சட்டப்படி வீட்டுக்காரர் கேட்கக்கூடிய வைப்புப் பணம் ஒரு மாத வாடகை மட்டுமே. அதுவும் கடைசி மாத வாடகைக்குத்தான் கழியும். சுவரில் கீறல் விழுந்தது என்று அதில் வெட்ட முடியாது. திறப்புக்கு ஒரு சிறு தொகை வாங்கலாம், திருப்பித் தரவேண்டும். சேதத்துக்கென்று தனி வைப்பு வாங்குவதும், பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்துவதும் சட்டவிரோதம்.

இனி ஒப்பந்தம். எங்கட ஆக்கள் வழுக்குகிற இடம் இதுதான். “ஊர்க்காரர்தானே, எழுத்து எதுக்கு?” என்று வாய்ப்பேச்சில் முடித்துவிடுவார்கள். 2018 ஏப்ரல் 30இலிருந்து ஒன்ராறியோவில் பெரும்பாலான வாடகைகளுக்கு அரசின் மாதிரி ஒப்பந்தப் படிவம் கட்டாயம். அதைக் கேட்பது அவமதிப்பு அல்ல. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம், கார் எங்கே நிற்கும், பனி தள்ளுவது யார் என்பதெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். மேல்மாடியில் ஏழு பேரும் கீழே இரண்டு பேரும் இருக்கும் வீட்டில் மின்கட்டணத்தைப் பாதிக்குப் பாதி பிரித்த கதைகள் இங்கே ஏராளம்.

வாடகை உயர்வுக்கும் ஒரு கேள்வி வைத்திருங்கள்: இந்த பேஸ்மன்ட் முதன்முதலில் எப்போது குடியிருப்பானது? பழைய குடியிருப்பு என்றால் அரசு அறிவிக்கும் வீதத்துக்கு மேல் பொதுவாக ஏற்ற முடியாது. 2025இல் அது 2.5 சதவீதம், 2026இல் 2.1. ஆண்டுக்கு ஒருமுறைதான், 90 நாள் எழுத்து அறிவித்தலோடு. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலில் குடியேறிய இடங்களுக்கு இந்த உச்சவரம்பு பொதுவாக இல்லை. புத்தம்புதிதாக மினுங்கும் பேஸ்மன்டில் அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு என்பது வீட்டுக்காரரின் விருப்பம்.

ஓராண்டு முடிந்ததும் புதிதாகக் கையெழுத்து வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்பந்தம் தானாகவே மாதாந்த வாடகையாகத் தொடரும். தன் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் எழுப்பினால் 60 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை நட்டஈடும் தரவேண்டும். அறிவித்தல் கையில் வந்தவுடன் பெட்டி கட்டத் தேவையில்லை. வெளியேறும்படி கட்டளையிடும் அதிகாரம் நில உரிமையாளர் – வாடகையாளர் சபைக்கே உண்டு.

மாதாமாதம் ரசீது வாங்குங்கள், காசாகக் கொடுத்தால் கட்டாயமாக. கேட்டால் இலவசமாகத் தரவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. கட்டிய வாடகையை வருமான வரிப் பத்திரத்தில் காட்டினால், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மாகாண அரசின் ட்ரிலியம் கொடுப்பனவு வரும். ரசீது இல்லாதவர்கள் அந்தக் காசைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வாங்கும் கட்டம் வாடகை வீட்டில் இருக்கும்போதே தொடங்குகிறது. முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு 2023 ஏப்ரலில் வந்தது. ஆண்டுக்கு 8,000, மொத்தம் 40,000 டொலர்வரை போடலாம். போட்டதற்கு வரிக் கழிவு, வீடு வாங்க எடுக்கும்போது வரி இல்லை. கணக்கைத் திறந்த ஆண்டிலிருந்துதான் வரம்பு சேரத் தொடங்கும் என்பதால் கையில் காசில்லாவிட்டாலும் திறந்து வையுங்கள். சீட்டு எடுத்து முற்பணம் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: முற்பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி 90 நாள் கணக்கைக் கேட்கும். திடீரென விழுந்த பெருந்தொகைக்குக் காரணம் காட்டவேண்டி வரும். சீட்டை முன்கூட்டியே எடுத்துக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

800,000 டொலர் வீடு ஒன்றை வைத்துக் கணக்குப் பார்ப்போம். முதல் 500,000க்கு 5 சதவீதமும் மிச்சத்துக்கு 10 சதவீதமும் குறைந்தபட்ச முற்பணம்: 55,000. கடன் 745,000. முற்பணம் இவ்வளவு குறைவாக இருந்தால் கடன் காப்புறுதிக்கு 4 சதவீதம், அதாவது 29,800 டொலர் கடனோடு சேரும். அந்தக் காப்புறுதிக்கு ஒன்ராறியோவின் 8 சதவீத வரி 2,384 டொலர். இதைக் கடனில் சேர்க்க முடியாது, கையால் கட்டவேண்டும். முகவர்கள் சொல்ல மறக்கும் தொகை இது.

வட்டி 4.5 சதவீதம், 25 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 4,290 டொலர். ஆனால் வங்கி உங்களை அந்த வட்டியில் அளக்காது. 2 சதவீதம் கூட்டி 6.5இல் அளக்கும். அப்போது தவணை சுமார் 5,190. அது மட்டும் வருமானத்தின் 39 சதவீதத்துக்குள் அடங்கவே குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 160,000 டொலர் வேண்டும். சொத்து வரியும் வெப்பமூட்டும் செலவும் அதற்கு மேல். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்குவதும், மாமா கூட்டுக் கையெழுத்து வைப்பதும் பாசத்தால் மட்டும் நடப்பதில்லை. கூட்டுக் கையெழுத்து வைத்தவர் அந்தக் கடனுக்கு முழுப் பொறுப்பு என்பதை மாமாவுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரூஜ் ஆறு இங்கேதான் காசாக மாறுகிறது. இதே வீட்டுக்கு ஒன்ராறியோவின் நில மாற்ற வரி 12,475 டொலர். ஆற்றுக்கு மேற்கே, ரொறன்ரோ எல்லைக்குள், 2008இலிருந்து நகராட்சியும் அதே அளவு இன்னொரு வரி அறவிடுகிறது. முதல் வீடு வாங்குவோருக்கு மாகாணம் 4,000 வரையும் ரொறன்ரோ 4,475 வரையும் கழிக்கின்றன. ஆகவே அஜக்ஸில் கட்டுவது 8,475, ஸ்காபுறோவில் 16,475. எட்டாயிரம் மிச்சம். ஆனால் அஜக்ஸின் சொத்து வரி வீதம் ரொறன்ரோவைவிட அதிகம். மிச்சம் பிடித்தது சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

அந்த 4,000 கழிவுக்கு நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ வேண்டும். அதோடு உலகில் எங்குமே எப்போதுமே வீடு உங்கள் பெயரில் இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய வீடு அக்காவின் பெயரில் இருந்தால், அதில் ஒரு பங்கு மட்டும் இருந்தாலும்கூட, அக்கா முதல் வீட்டுக்காரி அல்ல. சட்டத்தரணியிடம் இதை மறைக்காதீர்கள்.

விலை பேசும்போது கடன் அனுமதி, வீட்டுப் பரிசோதனை என்ற இரண்டு நிபந்தனைகளையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய வீட்டுக்குக் கையெழுத்து வைத்தபின் மனம் மாற ஒன்ராறியோவில் அவகாசம் கிடையாது. 2022 தொடக்கத்தின் உச்ச விலையில் நிபந்தனையின்றி வாங்கியவர்கள், 2023 ஜூலையில் மத்திய வங்கியின் வட்டி 5 சதவீதம் ஆனபோது பட்ட பாட்டை அயலில் கேட்டுப் பாருங்கள்.

வீடு கைக்கு வந்ததும் தவணையைத் தாங்க பேஸ்மன்டை வாடகைக்கு விடுவீர்கள். கட்டட அனுமதி எடுத்து, தீயணைப்புப் பரிசோதனை முடித்து, நகராட்சியில் பதியுங்கள். குடிவருபவர் உங்கள் ஊர்க்காரராகவே இருந்தாலும் மாதிரி ஒப்பந்தத்தில் எழுதுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் முற்பணம் வாங்காதீர்கள், கேட்கும் முன்பே ரசீதைக் கொடுங்கள்.